குடை மாட்டாத புதன்கிழமை

2024 ஜூலை 24, புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. ஏழு மணியிலிருந்து விடாத மழை. மும்பையில், செம்பூரில் ஒரு கல்லூரியில் நான் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்று மூன்றாவது மாடிக்கு அறுபத்தாறு படி ஏறி வகுப்புக்குள் நுழைந்தபோது, ஐம்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். இரண்டு முறை எண்ணினேன். அதன் பிறகுதான் கையில் குடை இல்லை என்பது உறைத்தது.

அந்தக் குடை எதற்கு என்று சொல்லியாக வேண்டும். பாடத்துக்கு நீளமான பெயர் உண்டு. விவாதிக்கக் கற்றுக்கொடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். புதன்கிழமைகளில் நான் எனக்கு உடன்பாடில்லாத கருத்தை எடுத்துக்கொண்டு நாற்பது நிமிடம் பேசுவேன். கேட்பவர்களுக்குக் கோபம் வர வேண்டும். வந்த கோபத்தை வாதமாக மாற்றி எழுந்து நின்று சொல்ல வேண்டும். நன்றாக மறுத்தவருக்கு அங்கேயே பத்துக்கு இத்தனை என்று மார்க். கடைசிப் பத்து நிமிடம் என் பேச்சை நானே உடைப்பேன். கரும்பலகை ஓரத்து ஆணியில் என் கறுப்புக் குடை தொங்கினால், பேசுவது நான் அல்ல. கழற்றிவிட்டால், நான். அந்த ஆணியில் குடை தொங்க, தேர்தலே வேண்டாம் என்றிருக்கிறேன், பெண்களுக்குப் பட்டம் எதற்கு என்றிருக்கிறேன். நான்கு புதன்கிழமைகள் அப்படி நடந்தன. ஒருவரும் புகார் சொன்னதில்லை.

முந்தைய வாரம் ஈரப் படியில் யாரோ வழுக்கி விழுந்ததால், அன்று பியூன் கீழே ஒரு பிளாஸ்டிக் டிரம் வைத்து எல்லார் குடையையும் அதில் போடச் சொல்லிவிட்டார். என்னுடையதும் அதில்தான் கிடந்தது. அறுபத்தாறு படி இறங்கி, மறுபடி அறுபத்தாறு படி ஏற வேண்டும். எனக்கு வயது எழுபத்தொன்று. நான்கு வாரமாகப் பார்க்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைய தலைப்பு: நகரத்தின் நன்மைக்காக ஒரு குடியிருப்பை முழுவதுமாக வேறிடத்துக்கு மாற்றலாமா? மாற்றலாம் என்பது என் பக்கம். வந்திருந்த முப்பத்தொன்பதில் பதினெட்டுப் பேர், நான் குடியிருக்கும் மாட்டுங்காவுக்கு அடுத்த தாராவியில் இருந்து வருபவர்கள். தெரிந்துதான் அந்தத் தலைப்பை எடுத்தேன். அவர்கள் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக வீடுகளை அளந்து கதவில் எண் எழுதிக்கொண்டிருந்த சமயம். மாடியில் குடியிருப்பவர்களுக்கு அங்கேயே இடம் கிடைக்குமா, நகரத்தின் ஓரத்தில் மான்குர்த் பக்கம் போகச் சொல்வார்களா என்ற பேச்சு வகுப்புக்குள்ளும் கேட்கும். சுடுகிற விஷயத்தைத் தொட்டால்தான் வாதம் பிறக்கும் என்பது முப்பத்து நான்கு வருட வேலையில் நான் கண்டது.

இருபது நிமிடம் தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினேன். யாரும் அசையவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் தமிழில் சொன்னான்: "சார், மாட்டுங்கால இருந்துக்கிட்டு இதெல்லாம் சொல்லுதது ஈஸி."

நானும் தமிழுக்கு மாறினேன். "ஈஸிதான். ஸ்டேஷன்லேர்ந்து என் வீட்டுக்கு ஆறு நிமிஷ நடை. உங்க பக்கத்துக் காத்து அடிச்சா ஆறு நிமிஷமும் மூக்கைப் பொத்திண்டு நடக்கறேன். உங்களை எல்லாம் மான்குர்த்ல கொண்டுபோய் விட்டா ஊருக்கே நல்லது."

மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். எழுந்து மறுக்கட்டும் என்று காத்திருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணின் நோட்டில் கைபேசி சாய்ந்து நின்றதைப் பார்த்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் மணி அடித்துவிட்டது. குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர், எல்லாரும் உடனே கிளம்புங்கள் என்றார்கள். என் பேச்சை நானே உடைக்க வேண்டிய அந்தப் பத்து நிமிடம் நடக்கவே இல்லை. டிரம்மில் குடையைத் தேட நேரமில்லாமல் நனைந்துகொண்டே பஸ் ஏறினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குள் அந்தக் காட்சி என் கைபேசிக்கே மூன்று வழியாக வந்து சேர்ந்தது. நீளம் பத்தொன்பது விநாடி. ஆங்கிலத்தில் பேசிய இருபது நிமிடம் அதில் இல்லை. தமிழ் மட்டும் இருந்தது. தெரியாத எண்களிலிருந்து இருபத்தாறு வசவுகள். அவற்றைப் படித்துவிட முடிந்தது. எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில்தான் திணறிப்போனேன். அங்கே யாரும் திட்டவில்லை. பதினான்கு கட்டைவிரல்கள் உயர்ந்திருந்தன. இரண்டாவது மாடிக்காரர், "கடைசியில் ஒருத்தராவது தைரியமாகச் சொன்னாரே" என்று எழுதியிருந்தார்.

மனைவியிடம் குடை விஷயத்தை விளக்கினேன். டிரம், அறுபத்தாறு படி, அகாலத்தில் அடித்த மணி, எல்லாவற்றையும். அவள் கேட்டுவிட்டு, "குடை இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?" என்றாள். "போன மழைக்கு ஸ்டேஷன்லேர்ந்து வந்து இதே வார்த்தையைத்தானே சொன்னேள். அப்போ குடை உங்க கையிலதான் இருந்தது."

மறுநாள் மழைக்காகக் கல்லூரி விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல்வர் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது அவர் எதிரே அந்த ஜன்னலோரப் பெண்ணும் அவள் தகப்பனாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். தாராவியில் கீழே தோல்பை தைக்கும் பட்டறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே வீடு.

முதல்வர் அம்மாள் மராத்திக்காரர். ஹிந்தியில் நிதானமாகப் பேசினார். வகுப்பில் கைபேசியில் படம் பிடிக்கக் கூடாது என்பது விதி. அனுமதியில்லாமல் என்னைப் படம் பிடித்தார்கள் என்று நான் இரண்டு வரி புகார் எழுதிக் கொடுத்தால் போதும். அந்தப் பெண்ணை ஒரு பருவம் நீக்குவார்கள். என் பேச்சு பாடம் நடத்தும் முறை, அதை வெட்டிப் பரப்பிவிட்டார்கள் என்று முடித்துவிடுவார்கள். எழுதாவிட்டால், தாராவியிலிருந்து நியாயம் கேட்டு வரப்போகிறவர்களுக்குப் பதில் சொல்ல, என்னை வேலையிலிருந்து நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை. வெள்ளைத் தாளும் பேனாவும் என் பக்கம் நகர்ந்து வந்தன.

அந்தப் பெண் மூன்றாம் ஆண்டு. ஒரு பருவம் போனால் தேர்வு போகும், வருடமே போகும்.

எழுதக் காரணம் இல்லாமல் இல்லை. பெஞ்சில் கைபேசி விழித்துக்கொண்டிருக்கும் இடத்தில் எவனும் தவறாகப் பேசிப் பார்க்க மாட்டான். தவறாகப் பேசிப் பார்க்க முடியாத இடம் வகுப்பே இல்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். பேனாவை எடுத்தேன்.

தகப்பனார் என் பக்கம் திரும்பினார். "ஐயா, அவ எனக்குக் காட்டத்தான் எடுத்தா. சார் இப்படிக் கேக்காரு, பதில் தெரியல வாப்பா, நீங்க சொல்லுங்கன்னு வந்து நிக்கா. எனக்கு என்ன தெரியும்? என் தம்பிக்கு அனுப்பிக் கேட்டேன். அந்தப் பய பதில் சொல்லாம ஊரு பூரா அனுப்பிட்டான். ஏசணும்னா என்னைய ஏசுங்க. பிள்ளைக்க வருசத்தைப் புடுங்கிராதீங்க."

நான் அவளிடம் கேட்டேன், "புதன்கிழமை நான் பேசறது என் கருத்து இல்லைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"குடை மாட்டியிருந்தா தெரியும் சார்."

"குடை டிரம்ல இருந்ததும்மா. மத்த நாலு வாரமும் பார்த்தியே."

"பாத்தேன். நாலு வாரமும் நீங்க பேப்பரைப் பாத்துப் பாத்துத்தான் பேசுனீங்க. நிமிசத்துக்கு ஒரு தடவை குனிவீங்க. நான் எண்ணியிருக்கேன்." என் பையைப் பார்த்தாள். "மான்குர்த்னு சொல்லும்போது குனியவே இல்லியே சார்."

அறையில் எண்ணுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் தாள்கள் பையில் இருந்தன. மூக்கைப் பொத்துவதும் மான்குர்த்தும் அவற்றில் எங்கும் இல்லை. எடுத்துப் பார்க்காமலே தெரிந்தது.

நான்கு வரி எழுதினேன். பதிவு உண்மை. அன்று குடை மாட்டவில்லை. அந்தச் சொற்கள் என் பாடக் குறிப்பில் இல்லை. மாணவி மீது எனக்குப் புகார் இல்லை.

முதல்வர் படித்துவிட்டு, "இது உங்களுக்கு எதிராகவே நீங்கள் எழுதியது, தெரிகிறதா?" என்றார். தெரிகிறது என்றேன். அவர் அதைக் கோப்பில் வைத்துவிட்டு, அடுத்த வகுப்பிலிருந்து என் இடத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். அந்தப் பெண்ணை எச்சரித்து அனுப்பினார்.

கீழே டிரம்மில் ஏழு குடைகள் இருந்தன. என்னுடையது இல்லை.

தகப்பனாரை முன்னே போகச் சொல்லிவிட்டு அவள் நான் நின்ற பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். நன்றி சொல்லப்போகிறாளோ என்று பயந்தேன். இரண்டு பக்கம் எழுதியிருந்த தாளை நீட்டினாள். "மறுப்பு சார். மார்க் போடணும்லா?"

நின்றுகொண்டே படித்தேன். ஐந்து வாதங்கள். பட்டறையும் வீடும் ஒன்றாக இருப்பதால் பிழைக்கிறவர்களை வீட்டை மட்டும் கொடுத்து அனுப்பினால் தொழிலைப் பறித்ததாகும் என்ற முதல் வாதம் உறுதியாக இருந்தது. ஏழு என்று போட்டேன்.

"ஏழுதானா?"

"மூணாவதுக்கு ஆதாரம் இல்லை."

"நீங்க சொன்னதுக்கு மட்டும் என்ன ஆதாரம் சார், மூக்கைத் தவிர?"

எட்டாகத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இனி மார்க் போட அதிகாரம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவள் தாளை மடித்துக்கொண்டு போனாள். கட்டடக் குழுவில் அந்தப் பதினான்கு பேருக்கு என்ன பதில் எழுதுவது என்று பஸ்ஸில் யோசித்தேன். இன்றுவரை எழுதவில்லை.

பருவம் முடிய எனக்கு மீதி இருந்த வகுப்புகள் பதினெட்டு. வகுப்புக்கு எழுநூற்று ஐம்பது வீதம் பதின்மூவாயிரத்து ஐந்நூறு. குடை முந்நூற்று எண்பது. ஆக மொத்தம் நஷ்டம் பதின்மூவாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய்.