பூசை முடிந்த கையோடு

கணினிகளைப் பொருத்தும் முன்பே அவை எவ்வளவு சுமை தாங்கும் என்று படத்தைப் பார்த்துச் சொல்வது என் தொழில். கணினிக்கு ஒரு பெட்டியாகப் படம் கீறி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைப் போட்டால், வரிசை எங்கே நீளும் என்பது கணக்கில் வந்துவிடும். மழை சொல்பவர்களைவிட எனக்குச் சம்பளம் கூட. போன பெருநாள் வரைக்கும் மரியாதையும் கூட.

தலவிலக் கோவில் பெருநாளுக்கு வந்து தங்குவோர் கைபேசியில் அறை பதிய ஒரு ஏற்பாடு கேட்டு விடுதிக்காரர்கள் சிலர் வந்தார்கள். மூன்று கணினிகள் வைத்தேன். ஒன்று பெயரை வாங்கும், ஒன்று அறை பார்க்கும், ஒன்று பதில் அனுப்பும். கண் மூடித் திறக்க முன் பதில் வரும் என்றது என் படம். முழங்கால் வருத்தத்தில் படி ஏற ஏலாத மாமி, என் மனைவியின் அம்மா, வழமையாக நேரில் போய்த்தான் கீழ் அறை பிடிப்பார். இந்த முறை சும்மா இருங்கள் என்று நான்தான் தடுத்தேன்.

பதிவு தொடங்குவதை ஞாயிறு பூசை முடிவில் கோவில்களில் அறிவித்தார்கள். என் படத்தில் ஆட்கள் கடைக்கு வருவதுபோல ஒவ்வொருவராக வந்தார்கள். இங்கே கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை எல்லாக் கோவில்களிலும் ஒரே நேரத்தில், சிலுவை போட்ட கை இறங்க முன்பே கைபேசிகள் வெளியே வந்துவிட்டன.

திரையில் வட்டம் சுழன்றது. என் படத்து மனிதர் பொத்தானை ஒரு தரம் அமத்திவிட்டுப் பொறுமையாக இருப்பார். அவரை எந்த நாட்டில் பிடித்தேனோ தெரியாது. ஒவ்வொரு அமத்தலும் கணினிக்குப் புது ஆள். முதலாவது இரண்டாவதற்காகக் காத்து நின்றது, இரண்டாவது மூன்றாவதற்காக. அமத்த வேண்டாம் என்று கோவில் வாங்கில் பக்கத்தில் இருந்த மனைவியிடம் கெஞ்சினேன்.

"பக்கத்து வாங்குல ஆரும் நிப்பாட்டினாங்களா? நீங்க செஞ்சதுதானே, உள்ளுக்கால ஒரு அறை எடுங்க."

உள்ளே யாரும், நான்கூட, கை வைக்க முடியாதபடி பூட்டியிருந்தேன். அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன். இப்போது எல்லாம் தெரிந்த நானே இரண்டு பெருவிரலாலும் அமத்திக்கொண்டிருந்தேன்.

சனம் சமைக்கப் போனதும் கணினிகள் ஒன்றுமே நடக்காததுபோல எழும்பின. கீழ் அறைகள் முடிந்திருந்தன. எங்களுக்கு மேல்மாடி.

பெருநாளுக்கு முதல் நாள் மாமியைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, மச்சானும் நானும் தூக்கினோம். படி திரும்பும் இடத்தில் கதிரை இறுகிவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பாயும் சட்டியுமாக வந்தவர்களின் வரிசை எங்களுக்குப் பின்னால் வாசல் வரை நீண்டது. மாமி செபமாலையை நிறுத்தினார்.

"மருமகன், இதுக்கும் படம் கீறினீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப பயமில்ல. தூக்குங்க."