டாக்டர் பவானி காத்திருந்த வெள்ளை

செய்தி வந்தபோது நான் பாம்புப் பெட்டியின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். பிறை நகரிலிருந்து நம் குழுவின் சிவா அழைத்தான். வழக்கமாக, "டீச்சர், பசியாறியாச்சா?" என்றுதான் தொடங்குவான். அன்று, "டீச்சர், கொஞ்சம் உக்காருங்க லா," என்றான். பிறகு, "நம்ம டாக்டர் போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக். கிளினிக் தொறக்கப் போறப்பவே," என்றான். போனை வைத்த பின் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இப்படிப்பட்ட செய்தி எதுவானாலும் நான் முதலில் சொல்வது டாக்டர் பவானியிடம்தான். கிண்ணத்தை மறுபடியும் கழுவினேன்.

நம் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் பவானி பாயான் பாருவில் பல் மருத்துவராக இருந்தார். சோளப் பாம்பு வளர்க்கும் நம் சிறு கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடியது அவருடைய கிளினிக்கின் முன்னறையில்தான். நஞ்சில்லாத இந்தப் பாம்புகளின் நிறத்தைப் பார்த்து, எதை எதனோடு இணை சேர்க்கலாம் என்று நாமெல்லாம் மணிக்கணக்கில் வாதாடுவோம். கடைசியில் அவர் முகத்தைப் பார்ப்போம்.

நான் அவரிடம் முதலில் போனது உடைந்த முன்பல்லுக்காக. புதுப் பல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி ஜன்னலோரம் நிறுத்தினார். "டியூப் லைட்ல எல்லாப் பல்லும் நல்ல பல்லுதான், டீச்சர்," என்றார். மாதிரிப் பற்களை என் உதட்டருகே ஒரு கணம் பிடிப்பார். உடனே திரும்பி, மேசையில் விரித்திருந்த சாம்பல் நிறத் துணியைப் பார்ப்பார். மறுபடியும் என் பல்லைப் பார்ப்பார். ஏன் இப்படி என்று கேட்டேன். "ரொம்ப நேரம் உத்துப் பாத்தா நம்ம ஆசைதான் தெரியும். நிறம் தெரியாது."

அன்று பின்னறையில் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் கண்டு மிரண்டேன். கணவர் இறந்து ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் நான் தனியாக இருந்த முதல் ஆண்டு அது. நாய் வளர்க்க அங்கே அனுமதியில்லை. பேச்சு அதில் வந்து நின்றபோது அவர் சொன்னார்: "பாம்பு கொரைக்காது, முடி கொட்டாது. ஆனா உங்களைத் தேடவும் தேடாது. அது தெரிஞ்சு வாங்கிக்குங்க." அவரும் தனியாக வாழ்ந்தவர். அந்தச் சொல் யோசித்து வந்ததல்ல, வாழ்ந்து வந்தது என்பது அப்போதே எனக்குப் புரிந்தது.

சிவாவின் சாம்பல் குட்டி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிவப்பே இல்லாத ரகம் என்று தன் தொழிற்சாலை நண்பர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அதைக் கொண்டுவந்தான். டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு தடவை சட்டை உரிக்கட்டும், தம்பி," என்றார். சிவாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சில மாதங்களில் குட்டியின் விலாவில் செம்மை ஏறத் தொடங்கியது. "என்ன தம்பி, உன் சாம்பல் துரு புடிச்சிருச்சா?" என்றார் டாக்டர். எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தவன் சிவாதான்.

அவருக்கென்று ஓர் ஆசை இருந்தது. சாதாரண ஆரஞ்சு நிறப் பெற்றோருக்குப் பிறக்கும் வெள்ளைப் பாம்பைப் பார்க்க வேண்டும். என் பழைய வகுப்பறை உதாரணத்தையே சொல்கிறேன். ஓர் அச்சகத்தில் கறுப்பு மை, சிவப்பு மை என இரண்டு இருக்கின்றன. கறுப்பு தீர்ந்தால் படம் செம்மஞ்சளாக வரும். சிவப்பு தீர்ந்தால் சாம்பலாக வரும். இரண்டும் தீர்ந்தால்தான் தாளின் வெள்ளை தெரியும். டாக்டர் வளர்த்த பாம்பு இணை பார்வைக்கு ஆரஞ்சு. ஆனால் அந்த இரண்டு குறைகளையும் உள்ளே மறைத்து வைத்திருந்தது. அவற்றின் குட்டிகளில் பதினாறில் ஒன்று வெள்ளையாகலாம். ஆகாமலும் போகலாம். முதல் முறை இட்ட முட்டைகளில் ஒன்றுகூட வெள்ளை இல்லை.

"கடையிலதான் வெள்ளை கெடைக்குதே, டாக்டர்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எல்லார் வாயிலயும் நான் வெச்சது டப்பாவுல வந்த வெள்ளை. தானா வர்ற வெள்ளைய ஒரு தடவ பாத்துடணும், டீச்சர்."

அவர் போனபோது இரண்டாம் முறை இட்ட முட்டைகள் அலமாரியில், ஈரமான தேங்காய் நார்த்தூளில் இருந்தன. ஈப்போவிலிருந்து வந்த அவருடைய தம்பி ரவி பெட்டியை எட்ட நின்றே பார்த்தார். "அக்கா இதுக்காகத்தான் எங்கேயும் வராம இருந்தாங்களா? தூக்கிப் போட்டுறலாமா, டீச்சர்?" நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் வீடு திரும்பினேன். பாம்புகளைச் சிவா மறுநாள் கொண்டுவந்து சேர்த்தான்.

முட்டைகள் பொரிந்தன. அவற்றில் ஒன்று வெளிறிப்போய், செந்நிறக் கண்களோடு தலையை நீட்டியது. படத்தைக் குழுவில் போட்டதும் நீங்கள் எல்லாரும் எழுதியதைப் படித்தேன். அடுத்த ஞாயிறு என் வீட்டில் நிற்க இடமில்லை. "வெள்ளை லா, டீச்சர்! டாக்டர் கேட்டது!" என்று சிவா கண் கலங்கினான். ரவிகூட அழைத்து, "அக்கா ஆசைப்பட்டது வந்துருச்சாமே?" என்றார். தூக்கிப் போடலாமா என்று கேட்ட அதே குரல்தான். முதல் சட்டை உரியட்டும் என்று மட்டும் சொன்னேன்.

உரிந்த மறுநாள் காலை, ஜன்னலோரம் சாம்பல் துண்டின் மேல் குட்டியை விட்டேன். ஒரு கணம் பார்த்தேன். துண்டைப் பார்த்தேன். மறுபடி குட்டியைப் பார்த்தேன். முதுகுப் புள்ளிகளில், பப்பாளித் துண்டு வைத்து எடுத்த தட்டில் படிந்திருப்பதுபோல மெல்லிய செம்மஞ்சள் இருந்தது. இல்லாமல் இருக்கக்கூடாதா என்று எனக்கும் இருந்தது. மேகம் விலகக் காத்திருந்து இன்னொரு முறை பார்த்தேன். அப்போதும் இருந்தது. சிவப்பு மை முழுதும் தீரவில்லை.

சிவாவை அழைத்துச் சொன்னேன். "ஒரு பேச்சுக்கு வெள்ளைன்னே வெச்சுக்குவோமே, டீச்சர். டாக்டருக்காக."

"டாக்டருக்காகத்தான் தம்பி, இல்லைங்கிறேன்."

அந்த இணையை மீண்டும் சேர்ப்பேனா என்று தெரியவில்லை. பெண் பாம்பின் உடல் முதலில் தேற வேண்டும். அவருடைய பாம்புகள் என் வீட்டில் நன்றாக இருக்கின்றன. ஆனால் நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது அவற்றை அல்ல. எவ்வளவு ஆசைப்பட்டாலும் இல்லாததை இல்லை என்று பார்க்கும் அந்தப் பார்வையை. அன்று நான் ஆம் என்று சொல்லியிருந்தால் மகிழ்ந்திருக்க வீடு நிறைய ஆள் இருந்தார்கள். இல்லை என்று சொன்னதற்கு மகிழ்ந்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். பாயான் பாருவிலிருந்து அழைத்து, "சரியாப் பாத்தீங்க, டீச்சர்," என்றிருப்பார்.