அப்பா செய்த உள் ஜன்னல்

ஏர்கோன் குளிர் வெளியே போகாமலிருக்க, ஜன்னலுக்கு உட்புறம் கழற்றி மாட்டும்படி மகன் ஒரு சட்டம் செய்துகொண்டிருந்தான். அறுத்த பலகை வாசனையில், ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா காஜா பேராங்கில் நாங்கள் இருந்த வீடு மூக்குக்குள் வந்துவிட்டது.

அப்போது விமானம் குண்டு போடும் என்று, ராத்திரியில் விளக்கு வெளிச்சம் தெருவில் தெரியக் கூடாது. அப்பா சட்டம் அடித்து, கோணியை மரவள்ளிப் பசையால் ஒட்டி, கரி பூசினார். பொழுது சாய்ந்தால் மாட்டுவோம், விடிந்தால் கழற்றுவோம். ஒரு பொட்டு வெளிச்சம் கசியாது. பசைச் சட்டியை நான் பசியில் வழித்துத் தின்றேன்.

சோதனைக்கு வந்த ஜப்பான்காரன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான். கூட வந்த தமிழர், "யாரும்மா செஞ்சது?" என்றார்.

அம்மா புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். என் தலையைத் தொட்டு, "இவ அப்பாதான். மலாக்காவுல இந்தக் கை வேற யாருக்கு இருக்கு?" என்றாள் பெருமையாக.

"சயாம் ரயில் பாதைக்குத் தச்சன் வேணுமாம்" என்று அப்பாவை அப்போதே கூட்டிப் போனார்கள். அப்பா திரும்பவே இல்லை. அம்மா அந்தச் சட்டத்தை உடைத்து அடுப்பில் வைத்தாள். நன்றாகத்தான் எரிந்தது.

மகன் வேலையை முடித்துவிட்டு, "எப்படிம்மா இருக்கு?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு செஞ்சதுன்னு எவனாச்சும் கேட்டா, கடையில வாங்குனதுன்னு சொல்லு."