காட்டில் பேர் சொல்லக் கூடாது

போலந்துக்கு வந்ததிலிருந்து காலையில் முதலில் என் பேரைக் கேட்பது ஒரு மிஷின்தான். கிடங்கில் ஹெட்செட்டை மாட்டியதும் காதுக்குள் ஒரு பெண்குரல் கேட்கும். பேர் சொன்னால்தான் வேலை ஓடும். எந்த அடுக்கு, எந்தப் பெட்டி, எல்லாம் அவள் உத்தரவு. குரல் கம்மினால் "சே அகெய்ன்." புதுசாகத் தொண்டையைச் செருமினால்கூட "வாய்ஸ் சேவ்டு" என்று அதையும் எடுத்து வைத்துக்கொள்வாள். அட, கட்டினவள்கூட என்னை இப்படி ஆட்டிவைத்ததில்லை!

ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் கூட இருப்பவர்களோடு விண்வெளித் தொடர்கள் பார்ப்போம். எந்தத் தொடரிலும் பயம் இரண்டுதான். நம்மைப் போலவே ஒருத்தன் வந்து நம் வீட்டில் உட்காருவான். இல்லையென்றால் எங்கிருந்தோ ஒருத்தன் நம்மைப் பொம்மை மாதிரி ஆட்டிவைப்பான். மலைமேல் எங்கள் ஊர் புதூர்நாட்டில் என் மனைவி வள்ளியும் அதையே டப்பிங்கில் பார்த்துப் பயப்படுவாள். கதைதானே என்று சிரித்தேன். போன மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. அவள் காட்டில் கடுக்காய் பொறுக்கும்போது, புது நம்பரிலிருந்து என் குரலில் போன். "வள்ளி, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு" என்றதாம். எங்கள் பக்கம் காட்டுக்குள் இருப்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். பேரைக் கேட்டு எதுவோ பின்னாலேயே வந்துவிடும் என்று பயம். பேருக்குப் பதில் "கூ" என்று குரல் கொடுப்போம், ஒவ்வொருவர் கூவும் ஒவ்வொரு மாதிரி.

"உன் கொரலேதான் மாமா. ஆனா பேர சொல்லிச்சு, கட் பண்ட்டேன். இனிமே நீ கூ குடுத்தாதான் பேசுவேன்."

என் குரல் எங்கிருந்து போயிருக்கும் என்று யோசித்தேன். இந்த ஊரில் என் குரலை நாளெல்லாம் கேட்பவள் அந்த ஹெட்செட்டுக்காரி ஒருத்திதானே.

நேற்று சாப்பாட்டு இடைவேளையில் அழைத்தேன். காலையெல்லாம் மிஷினுக்கு ஒப்பித்த நாக்கு, "வள்ளி" என்றுவிட்டது. பின்னால் காட்டுக் குருவிகளின் சத்தம்.

"இன்னா வேணும்? யார்ரா நீ?"

வைத்துவிட்டாள். மறுபடி மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. நான் நானில்லை என்று என் பெண்டாட்டியே முடிவு கட்டிவிட்டாள். பாழாய்ப்போன நாக்கு! கிடங்குக்குப் பின்னால் பனியில் ஓடிப்போய், தொண்டை கிழியக் கூ கொடுத்து, அதைப் பதிந்து வாட்ஸப்பில் அனுப்பினேன். மேற்பார்வையாளர் மாரெக் பதறிக்கொண்டு வந்து "டாக்டர்?" என்றார். "வைஃப்" என்றேன். தொப்பியைக் கழற்றி, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். செத்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. போனை வலது காதில் வைத்தேன். மரங்களுக்கு நடுவிலிருந்து வள்ளியின் கூ. அழுதுவிட்டேன். இடது காதில் இருந்த ஹெட்செட்டைக் கழற்ற மறந்திருந்தேன், இரண்டு கூவையும் அதுவும் கேட்டிருந்தது.

"வாய்ஸ் சேவ்டு" என்றாள் ஹெட்செட்டுக்காரி.