அப்பாவின் குரலில் மாமா

போன வாரம் ஒரு டிவி பேட்டியில் மாமா கண்கலங்கினார். இத்தனை வருடமாக ஊரையே சிரிக்க வைப்பவர், எந்த நடிகரின் குரலையும் அச்சாக எடுப்பவர், "எங்க அக்கா வீட்டுக்காரர்தான் எனக்கு மொதல் குரு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டிவியைப் போட்டு உடைத்திருப்பேன். இந்தப் பேச்சை அப்பா உயிரோடு இருந்தபோது நேரில் வந்து சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

அப்பா திருவண்ணாமலையில் மைக் செட் வைத்திருந்தார். பௌர்ணமி தோறும் அடி அண்ணாமலை பக்கம், கிரிவலப் பாதையோரம் பந்தல் போட்டு, கூட்டத்தில் தவறியவர்களின் பெயரை அறிவிப்பார். அவருக்குத் திக்குவாய். முதல் எழுத்து தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ஆனாலும் முழுப் பெயரும் வரும்வரை விடமாட்டார். ஒருவரும் சிரித்ததில்லை. பிள்ளையைக் காணோம் என்று தவிக்கிற இடத்தில் யாருக்குச் சிரிப்பு வரும்?

மாமாவுக்கு வந்தது. அம்மாவின் தம்பியான அவர் கல்யாண வீடு, திருவிழா மேடை என்று மிமிக்ரி செய்து, சென்னைக்குப் போய், ஒரு டிவி போட்டியில் நுழைந்திருந்தார். எல்லாரும் எடுக்கிற நடிகர் குரல்களையே நம்பியிருந்தால் முதல் சுற்றிலேயே பெட்டியைக் கட்டியிருப்பார். அப்பா திக்கித் திக்கி அறிவிப்பதை அப்படியே செய்து காட்டினார். நடுவர்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். வீட்டில் அதைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பாதியில் எழுந்து கை கழுவினார்.

"கம்முனு இருங்க. அவன் முன்னுக்கு வரட்டும்" என்றாள் அம்மா.

நானோ சந்தோஷத்தில் குதித்தேன். எங்கள் வீட்டுச் சமையலறையில் மாமா ஒத்திகை பார்த்தபோது, "இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி திக்கணும் மாமா" என்று திருத்திக் கொடுத்த எட்டு வயதுப் பெரிய மனுஷி நான்.

அடுத்த பௌர்ணமிக்கு மாமாவை அன்னதானக்காரர்கள் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். அப்பாவின் பந்தலுக்குப் பக்கத்திலேயே மேடை. சாயங்காலம் கூட்டம் ஏற ஏற, நான் அம்மாவின் கையை விட்டுவிட்டு வேர்க்கடலை வாங்கப் போனேன். திரும்பினால் அம்மா இல்லை. பயப்படுவதற்குள் ஒலிபெருக்கி பேசியது.

"ம... ம... மஞ்சள் கவுன் போட்ட எட்டு வயசுப் பொண்ணு..."

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "டிவில வர்றாரே, அவுரு பேசறாருடா!" என்றான் ஒருவன்.

கடலை விற்ற அக்கா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா பாப்பா, ஒன்னத்தான் சொல்றாங்களா?"

"எங்க மாமா அது, அக்கா. என்னை வெச்சு தமாஷ் பண்றாரு."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒலிபெருக்கி விடாமல் கூப்பிட்டது. போகப் போகத் திக்கல் கூடியது, சிரிப்பும் கூடியது. கடைசியில் குரல் உடைந்து தேம்பியது. "அழற மாதிரி கூட சூப்பரா பண்ணுவாரு" என்றேன் அக்காவிடம்.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாமா ஓடி வந்தார். சட்டை நனைந்திருந்தது. என்னை வாரித் தூக்கினார். எங்கள் தலைக்கு மேலே அந்தக் குரல் இன்னும் என் பெயரைச் சொல்ல முட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நின்று ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. மாமாவால் அந்தச் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அவர் மூட்டிவிட்டதுதானே.

பந்தலில் அப்பா என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "எத்தினி வாட்டி கூப்ட்டேன், கே... கேக்கலியாமா?"

"கேட்டுச்சுப்பா. மாமானு நெனச்சு நானும் சிரிச்சிட்டிருந்தேன்."

அவரும் சிரிப்பார் என்று காத்திருந்தேன். கூட்டம் இன்னும் குறையாமலிருக்க, அப்பா திரும்பி மைக்கை அணைத்தார், ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். எல்லாரும் கிடைத்துவிட்டார்கள் போல, வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று நினைத்து, மிச்சமிருந்த கடலையை உரித்துத் தின்றேன்.