வாளி நசுங்கிய காரணம்

ஜெயபாலனுக்குப் புத்தகங்களைவிட அவற்றின் இடுக்குகளில் கிடப்பவற்றின்மீதே மதிப்பு அதிகம். ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வு நூலகத்தின் பாரம்பரியத் தொகுப்புப் பிரிவில் இருபத்தேழு ஆண்டுகளாகப் பட்டியலாளராக இருக்கும் அவர், அப்படிக் கிடைத்த பொருள்களுக்கென்றே தனி இரும்பு அலமாரி வைத்திருந்தார். மழையளவு அறிக்கையொன்றில் பக்க அடையாளமாக இருந்த கருவாட்டு முள், சட்டத் தொகுதிக்குள் தட்டையாகிப்போன பல்லி, நிலவரைபடத்தின் மடிப்பில் ஒளிந்திருந்த கடைவாய்ப் பல் என எல்லாவற்றுக்கும் எண் உண்டு, அளவு உண்டு. பல்லுக்கு மட்டும் ‘உரியவர் அறியப்படவில்லை’ என்று கூடுதலாக எழுதியிருந்தார். பெர்மாஸ் ஜெயா பகுதியில் இருந்த அவர் வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் எண் இருந்தது. இடம் மாற்றினால் பதிய வேண்டும் என்ற விதியைத்தான் அவர் மனைவி தனலெட்சுமி ஏற்கவில்லை.

அலுவலகத்தில் யார் கண்ணிலும் படாத அந்த மனிதர் ஆண்டில் ஒரு நாள் தலைநிமிர்ந்து நடப்பார். சிம்பாங் ரெங்கம் பக்கத்து ஏழாங்கட்டைத் தோட்டத்தில் முனியாண்டி கோயில் திருவிழா நடக்கும் நாள் அது. முதல் மாலை அவர் கழுத்தில்தான் விழும். காரணம், தோட்டத்து ஆட்களை மேற்பார்த்த அவருடைய பாட்டனார் மணியம் கங்காணி. 1956இல் ரப்பர் காட்டுக்குள் புகுந்த புலியைக் கங்காணி ரப்பர் பால் சுமக்கும் வாளியாலேயே அடித்து விரட்டினார் என்பது தோட்டத்து வரலாறு. நசுங்கிய அந்த வாளி இன்றும் சந்தனம் குங்குமத்தோடு முனியாண்டியின் காலடியில் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் கூலாய் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். மாலை மட்டும் கைமாறவில்லை.

இந்த ஆண்டு திருவிழாவுக்கு ஐந்து வாரம் இருக்கையில், அத்தோட்டத்தின் பழைய அலுவலகக் காகிதங்கள் பன்னிரண்டு பெட்டிகளில் நூலகத்துக்கு வந்தன. மூன்றாம் பெட்டியில், தோட்டத்து எழுத்தரான கிராணி கனகசுந்தரம் வெள்ளைக்காரத் துரைக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. தோட்டத்துப் பொருள் எது கெட்டாலும் காரணம் எழுதிக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும் என்றிருந்த காலம் அது.

‘மேற்படி வாளியைக் கொண்டு, பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் அங்கம்மா என்பவர் புலியின் முகத்தில் மூன்று முறை அடித்தமையால் அது நசுங்கிற்று. புலி ஓடிவிட்டது. புதிய வாளி வழங்கக் கோருகிறேன். நேரில் கண்ட சாட்சி: மணியம் கங்காணி. சாட்சி அவ்வேளையில் கோயிலருகே ரம்புத்தான் மரத்தில் சுமார் பதினைந்து அடி உயரத்தில் இருந்தார்.’

கீழே கங்காணியின் கைநாட்டு, ஒரு ரேகைகூடக் கலையாமல் இருந்தது. பிறகு நடந்ததை ஜெயபாலனால் ஊகிக்க முடிந்தது. தோட்டத்தில் கதை சொல்ல நேரம் இருந்தது கங்காணிக்குத்தான். அங்கம்மாவுக்கோ மறுநாள் விடியலில் மரம் வெட்டப் போக வேண்டியிருந்தது.

இருபத்தேழு ஆண்டுகளில் இப்படியொரு புதையல் அவருக்குக் கிடைத்ததில்லை. கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் நினைத்ததும் அதுவே முதல் முறை.

கிழித்துப் போட அவர் கை கூசியது. பதியாமல் விடுவதோ அதைவிடப் பெரிய பாவம். ஆகவே ‘உலோகப் பாத்திரங்கள் – பழுது’ என்ற தலைப்பின்கீழ் அதைப் பதிந்தார். உலகில் எந்த ஆய்வாளரும் அந்தத் தலைப்பைத் தேடி வரப்போவதில்லை. அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் துணைத் தலைப்புக்கான கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைக் கண்டும் காணாதவர்போல் போவது அவர் பிறவியில் இல்லை. ‘காண்க: புலி’ என்று தட்டினார். ‘காண்க: கங்காணிகள் – மரமேறுதல்’ என்பதையும் விடவில்லை.

ஒன்பதாம் நாள், பிரிவுத் தலைவி சாந்தினி, தோட்ட வாழ்க்கைக் கண்காட்சிக்காகப் பட்டியலில் ‘புலி’ என்று தேடினார். முதலில் வந்து நின்றது வாளிதான்.

“அங்கிள், இது உங்க தோட்டம்தானே? இந்தக் கங்காணி யாருன்னு தெரியுமா?”

“எங்க தாத்தா.”

சாந்தினி கடிதத்தை மறுபடியும் படித்தார். உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு, அங்கிள் வேண்டாமென்றால் வைக்கவில்லை என்றார்.

“வைங்க மேடம். அதுக்கு முந்தி ஒருத்தங்கள பாத்துட்டு வந்துடறேன்.”

அந்த ஒருவர், அங்கம்மாவின் மருமகள் கிருஷ்ணம்மா. அறுபத்தேழு வயதிலும் கோயில் சமையற்கட்டு அவருடைய ஆட்சியில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், வெங்காயக் குவியலுக்கு எதிரே அமர்ந்து, கடிதத்தின் நகலைத் தமிழாக்கி வாசித்தார் ஜெயபாலன்.

“நம்புறேன் தம்பி. அவங்க கையில எது கெடச்சாலும் ஆயுதந்தான். எம்மேல அகப்பையே வந்திருக்கு,” என்றார் கிருஷ்ணம்மா.

இந்த ஆண்டு முதல் மாலையை அவர்தான் வாங்க வேண்டும் என்று ஜெயபாலன் சொன்னதும் கத்தி நின்றது.

“முப்பது வருசம் என் ரசத்த வாயில வச்சிட்டு மொகத்த சுளிச்ச மாமியாருக்காக நான் போயி மாலை வாங்கணுமா? நீங்களே வச்சுக்குங்க லா.”

இதை ஜெயபாலன் எதிர்பார்க்கவில்லை. தப்பிக்கும் வழி தானாக வந்து காலடியில் படுத்தது. நகலை மடித்துச் சட்டைப்பையில் பாதிவரை நுழைத்தும் விட்டார். பிறகு வெளியே எடுத்தார்.

“அக்கா, அடிச்சது யாருன்னு ரெக்கார்டுல இருக்கு. நீங்க வேணான்னாலும் அத மாத்த முடியாது.”

கிருஷ்ணம்மா நாலு வெங்காயம் அரிந்தார்.

“புது வாளி குடுத்தாங்களா?”

“குடுத்திருக்காங்க. ரெண்டு மாசம் கழிச்சு.”

“அதுவரைக்கும் எதுல பால் தூக்குனாங்களாம்?”

அது எந்தப் பெட்டியிலும் இல்லை. கிருஷ்ணம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரே வெங்காயம் இருந்ததால் காரணம் கேட்க இயலவில்லை.

“சரி, வாங்கிக்கறேன்,” என்றார்.

திருவிழாவன்று கோயில் தலைவர் சபாபதி கடிதத்தைத் தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார். ‘பதினைந்து அடி’ என்ற இடத்தில் கூட்டம் முழுவதும் திரும்பி ரம்புத்தான் மரத்தை அண்ணாந்து பார்த்தது. ஜெயபாலன் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையை வாங்கிய கிருஷ்ணம்மா அதை வாளிக்குச் சூட்டிவிட்டுச் சபாபதியிடம் திரும்பினார்.

“இன்னொரு மாலை எங்க? மேலேருந்து ஒருத்தர் பாக்கலேன்னா எங்க மாமியார் அடிச்சது யாருக்குத் தெரியும்?”

சாட்சிக்கு உரிய இரண்டாம் மாலை சிரிப்பொலிக்கிடையே ஜெயபாலன் கழுத்தில் விழுந்தது. அதை வாங்கிக்கொண்டு அவர் நேரே போன இடம் ரம்புத்தான் மரத்தடி. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் அளவு நாடாவை ஒரு மூங்கிலில் கட்டி உயர்த்தினார். ஆள் உட்காரத் தகுந்த கிளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் உயரம் பன்னிரண்டரை அடி.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அந்தப் பதிவைத் திறந்து, தலைப்பை ‘அங்கம்மா – வீரச்செயல்’ என்று திருத்தினார். குறிப்புக்கான கட்டம் காலியாக இருந்தது. ‘சாட்சி இருந்த உயரம் கடிதத்தில் இரண்டரை அடி மிகைப்படுத்தப்பட்டுள்ளது’ என்று நிமிர்ந்து உட்கார்ந்து பதிந்தார்.