கல்யாணத்துக்கு வாங்கிய பூட்ஸ்

எனக்கு அகலப் பாதம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்து நிற்கும். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு புளியங்கொட்டையை வைத்தால் விழாது. அம்பத்தூரில் வீடு, ஏரிக்கு அந்தப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடம், அங்கே நான் வாத்தியாரம்மா. தினமும் ஏரிக்கரை மேல் செருப்பில்லாமல் போய்வந்த கால் வேறு எப்படி இருக்கும்? அந்தக் காலில் நான் ஒரு குறையும் கண்டதில்லை. கண்டவர்கள் எல்லாம் என்னைச் சுற்றி இருந்தவர்கள். அதில் முதல் ஆள் என் அம்மா.

வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம், யுத்தம் வருவதற்கு முன். எனக்குப் பூந்தமல்லியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பட்டணத்தில் குமாஸ்தா வேலை. தாய் தகப்பன் இல்லை, வளர்த்து ஆளாக்கியது அக்கா. எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைப் புடவை, தலைக்குப் போடும் வலை, கையுறை, காலுறையாக மேஜோடு, பூட்ஸ் எல்லாம் மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வரும். வருஷம் முழுக்க வெறுங்காலில் திரிகிறவளும் அந்த ஒரு நாள் துரைசானி மாதிரி பூட்ஸ் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் நடக்க வேண்டும். யார் ஆரம்பித்து வைத்த கூத்தோ தெரியாது. அந்த ஆள் கையில் கிடைத்தால் நன்றாக நாலு கேள்வி கேட்பேன்.

மாப்பிள்ளையின் அக்கா கால் அளவு கேட்டுச் சொல்லியனுப்பினாள். காகிதத்தின் மேல் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புவது வழக்கம். அம்மா என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள். நின்றால் கால் பரவிவிடுமாம். தொங்கிய காலுக்குக் கீழே காகிதத்தைப் பலகையோடு பிடித்துக்கொண்டு, பென்சிலைப் பாதத்துக்கு அடியில் நுழைத்து நுழைத்து வரைந்தாள்.

“அம்மா, அது என் காலு இல்ல” என்றேன்.

“சும்மா கெட. பொண்ணு காலு இவ்ளோ அகலமா கீதுன்னு தெரிஞ்சா அந்தப் பொம்பள இன்னா நெனைப்பா?”

“நெனைச்சுக்கட்டும். நடக்கப் போறது நானு.”

“நீ நடந்து கிழிச்சது போதும். ஆட்டாத காலை.”

காகிதத்தைத் தூக்கிப் பார்த்தேன். வேறு யாரோ ஒரு சின்னப் பெண்ணின் கால் அதில் இருந்தது. என் காலை மறைத்து என்னைக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. அன்று அம்மா போட்ட சோற்றைச் சாப்பிடவில்லை.

கொஞ்ச நாளில் அந்த அக்கா தானே பூட்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வெள்ளைத் தோல். கூரான மூக்கு. குறுக்கே ஒரு வார், அதற்கு முத்துப் பொத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொம்மைக் காலில் போட்டிருந்தால். அம்மா என் பாதம் முழுக்கப் பவுடரைக் கொட்டித் திணித்துப் பார்த்தாள். விரல்கள் உள்ளே போயின. மீதிக் கால் வெளியே நின்றது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

“இன்னாம்மா இது? நீங்க அனுப்புன அளவு ஒண்ணு, இங்க கீற காலு ஒண்ணு?”

“வெய்யில்ல வீங்கிக் கீதும்மா. ரெண்டு நாள்ல வத்திடும்” என்றாள் அம்மா, கூசாமல்.

“வீங்கல. இதான் என் காலு” என்றேன். “பெருசா பாத்து வேற வாங்கிக் குடுங்கக்கா.”

அக்காவுக்கு முகம் சுருங்கியது. “கல்யாணத்துக்குன்னு வாங்கினத திருப்பற வழக்கம் எங்க ஊட்ல இல்ல. இந்த மாதிரி காலும் எங்க ஊட்ல யாருக்கும் இல்ல. இன்னா, கோயில்ல ஒரு மணி நேரம். பல்லக் கடிச்சுகினு நடந்துடு.”

அவள் போன பிறகு, எப்படியோ காலை உள்ளே தள்ளி, பொத்தானைப் போடாமலே கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் நடந்து பார்த்தேன். பாதி வழியில் சுவரைப் பிடித்தேன். கழற்றினால் இரண்டு சுண்டுவிரலிலும் தோல் உரிந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கோயிலில் ஊரறியக் கேட்டாகிவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் முதல் நாளே இந்தப் பொம்பளை சொன்னதற்காகப் பல்லைக் கடித்தால், பிறகு அந்த வீட்டில் எனக்கு அதுதான் வேலை. என் காலோடு, என் நடையோடு அந்த வீட்டுக்குள் போக வேண்டும். அதற்கு எனக்கு நடக்க முடிகிற ஒரு பூட்ஸ் வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன், எங்கள் வீட்டில் அவர் நைனா. அவர் ரயில்வேயில் கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவர், அதிகம் பேச மாட்டார். லீவு போட்டு என்னை ரயிலேற்றிப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனார்.

கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் ஒரே பாட்டு. என்னை உட்காரவைப்பான், குதிகாலில் பூட்ஸ் மாட்டும் கரண்டியை விட்டு நெம்புவான், பாதி நுழைந்ததும் “போகப் போகச் சரியாயிடும்மா” என்பான். பெரிசு கேட்டால் நீளத்தைக் கூட்டினானே தவிர அகலத்தைக் கூட்டவில்லை. நுனியில் ஒரு எலி குடித்தனம் பண்ணலாம், பக்கத்தில் என் எலும்பு நசுங்கியது. ஒருவன் என் காலைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கண்ணைக் காட்டினான். “லேடீஸ்ல இதுக்கு மேல கெடையாது. தொரைசானிங்களுக்கே இது லூசு” என்றான். துரைசானிகள் ஏரிக்கரையில் நடந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கடைசியாக ஒரு கடையில், ஆண்கள் பக்கத்து அலமாரியில் அது கண்ணில் பட்டது. வெள்ளை கான்வாஸ் துணி, முன்பக்கம் வாத்து மூக்கு மாதிரி அகலம், அடியில் ரப்பர்.

“அது ஆம்பளைங்கதும்மா. தொரைங்க பந்தாடறப்ப போடறது” என்றான் கடைக்காரன்.

“காலு என்னுது. நீ எடுப்பா.”

அவன் உட்காரச் சொன்னான், நான் நின்றே போட்டேன். கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உள்ளே என் விரல்கள் ஐந்தும் தனித்தனியாகப் படுத்துக்கொண்டன. அகலக் காலோடு பூட்ஸ் வாங்கப் போகிறவளுக்கு இன்றைக்கும் நான் சொல்வது இதுதான். காலையில் போகாதே, நாளெல்லாம் நடந்து பரவிய காலோடு சாயங்காலம் போ. நின்று போட்டுப் பார். போகப் போகச் சரியாகும் என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடு. பூட்ஸ் சரியாகாது, உன் தோல்தான் உரியும்.

“பொடவைக்குள்ள யாரு பாக்கப் போறாங்க” என்றார் நைனா. வீட்டுக்கு வந்ததும் அம்மா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். குடும்ப மானத்தைச் சந்தியில் நிறுத்தப் பிறந்தவள் என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புடவையைத் தரையில் புரள்கிற மாதிரி கட்டிவிடச் சொன்னேன்.

கல்யாணத்தன்று நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் போனேன். வழவழப்பான தரையில் ரப்பர் கிரீச் கிரீச் என்றது. பெண்கள் பக்கத்தில் இரண்டு தலைகள் திரும்பின. அவ்வளவுதான். நிமிர்ந்து நடந்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றபோது, இனி என்ன என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது.

எங்கள் மூன்று பேருக்கும் தோன்றாத ஒன்று இருந்தது. இத்தனை வருஷமாக இத்தனை கல்யாணம் பார்த்திருந்தும் தோன்றவில்லை. ஆசீர்வாதத்துக்கு மணமக்கள் முழங்காலில் நிற்க வேண்டும், முதுகு சனங்களுக்கு. பாதிரியார் கையை உயர்த்தினார், நான் மெத்தையில் முழங்காலிட்டேன். புடவை மேலே ஏறியது. இரண்டு ரப்பர் அடிப்பாகமும், வரிவரியாக, நடுவில் கொட்டை எழுத்தில் அளவு எண்ணோடு, கோயில் முழுக்கப் பார்க்கும்படி நிமிர்ந்து நின்றன.

“ஆம்பள பூட்சுடி!” என்று பின்னால் யாரோ சொன்னாள். சிரிப்பு ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குத் தாவியது. பாதிரியார் ஜெபத்தைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் மாப்பிள்ளையின் காது சிவந்துபோவதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்கும் உடம்பு கூசியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சிரித்தவர்கள் ஒவ்வொருவர் காலிலும் என் சுண்டுவிரல் புண்ணை ஒட்டவைக்க வேண்டும் என்றுதான் அப்போது ஜெபித்தேன்.

வெளியே வாடகை மோட்டார் நின்றது. எங்களை வாசலில் வரவேற்க அக்கா முன்னாலேயே வேறொரு மோட்டாரில் கிளம்பினாள். கிளம்புமுன் மோட்டார் ஜன்னல் வழியாகத் தம்பி மடியில் ஒரு பெட்டியை வைத்து, அவர் காதில் ஏதோ சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டி எனக்குத் தெரிந்த பெட்டி, அந்தக் கூர்மூக்குப் பூட்ஸ். அம்மாதான் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

வண்டி ஆவடியைத் தாண்டியது. பூந்தமல்லி நெருங்கும்போது அவர் பெட்டியை என் பக்கம் தள்ளினார். புருஷனாகி அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

“மாத்திக்க.”

“சேராது. உங்க அக்காவுக்கே தெரியும்.”

“வாசல்ல எல்லாரும் நிப்பாங்க. என் மானத்த வாங்காத.”

“உங்க மானம் என் கால்லயா கீது?”

அவர் டிரைவர் தோளைத் தட்டி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். “இவ மாத்தற வரைக்கும் வண்டி போவாது” என்றார், என்னிடம் இல்லை, டிரைவரிடம். அந்த ஆள் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பூந்தமல்லி ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். பின்னால் அவர் கூப்பிட்டார், பிறகு அதட்டினார். வண்டி என் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. புல்லுக்கட்டோடு வந்த பெண்கள் கட்டை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ரோட்டில் சரளைக்கல் நீட்டிக்கொண்டிருந்தது. என் காலுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வண்டிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்துகொண்டார். அவர் காலிலும் அக்கா பார்த்து வாங்கிய புதுசு, கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தோல்.

“ஏறு வண்டில. ஊரே பாக்குது.”

“அந்தப் பெட்டிய உங்க கையால அக்காட்ட திருப்பிக் குடுக்கறேன்னு சொல்லுங்க. ஏர்றேன்.”

“அக்காவாண்ட நான் இன்னான்னு சொல்றது?”

“என் பொண்டாட்டி காலுக்குச் சேரலன்னு சொல்லுங்க.”

அவர் திரும்பி வண்டியைப் பார்த்தார். அதைச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்துபோனது. இந்த ஆளோடுதான் இனி காலம் தள்ள வேண்டும் என்பதும் தெரிந்தது. நடந்தோம். பூந்தமல்லி வீடுகள் கண்ணுக்குத் தெரிந்தன, வாசலில் கூட்டமும் தெரிந்தது. அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினார். திரும்பிப் பார்த்தேன். இடது காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

“மெள்ள நடம்மா” என்றார். “பூட்ஸ் கடிக்குது.”

பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய். நான் மெள்ள நடக்கவில்லை.